பேஸ்மென்டில் இருப்பவர் கணக்கில் வருவாரா?

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்ணிடமிருந்து எடுத்தது. அமெரிக்காவில், டொலீடோவில் என் பெண் படிக்கும் பள்ளியில், கல்லூரி உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று ஒரு மாலை பெற்றோரைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டு பீட்சா, ஆளுக்கு ஒரு சந்தேகம். முன்னால் நின்றவள் ஆலோசகரிடம் கேட்டாள்:

"பொண்ணோட அப்பா எங்க வீட்டு பேஸ்மென்ட்ல இருக்கார். எங்களுக்குக் கல்யாணம் ஆகல. அவர் கணக்குல வருவாரா?"

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஆலோசகர் சொன்ன பதில் வரைக்கும் என் காதில் விழுந்தது. பிறகு அவள் பீட்சாவைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் ஆரம்பம்: "நாடீன் கல்யாணமாகாமலே தாயானவள்." அடித்துவிட்டேன். நம் ஆட்கள் இந்த வரியைப் படித்ததுமே கைக்குட்டையை எடுத்துவிடுவார்கள். நாடீன் தெருவில் பாதி வீடு அப்படித்தான். யாரும் அழுவதில்லை.

இரண்டாவது: "பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு" — வேண்டாம். டொலீடோவில் அது செய்தியா?

மூன்றாவது நிற்கட்டும். நாடீன் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். வீடு அவளுடைய அப்பா விட்டுப்போனது. மகள் கோரா பள்ளியிறுதி. கோராவின் அப்பா ரஸ் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். குழந்தை தவழ்ந்த நாளிலேயே இருவரும் பிரிந்துவிட்டார்கள். கோரா நாலாம் வகுப்பு படித்தபோது, ரஸ் குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். "ஒரு மாசம்" என்று சொல்லி நாடீன் வீட்டுத் தரைக்கடியில் இருக்கும் பேஸ்மென்டுக்கு வந்தான். அந்த மாசம் இன்னும் முடியவில்லை.

வாடகை கொடுக்கிறான். வாசலில் பனி தள்ளுகிறான், ஹீட்டர் முனகினால் தட்டிக்கொடுத்துச் சரிசெய்கிறான். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சர்ச்சில் விற்கும் வறுத்த மீனை வாங்கிவந்து, மேலே மூன்று பேருமாகச் சாப்பிடுகிறார்கள். யாராவது கேட்டால் நாடீன் "குடியிருக்கறவர்" என்பாள். அவர்களுக்குள் வேறு ஏதாவது உண்டா என்று நான் எழுதவில்லை. எழுதுகிறவனுக்கு எட்டிப்பார்க்கும் உரிமை உண்டுதான். மனசு வரவில்லை.*

(* தமிழில் எழுதுவதில் இன்னொரு தொல்லை. நாடீன் ரஸ்ஸை என்னவென்று கூப்பிடுவாள்? 'என்னங்க' என்று போட்டால் நானே முன்னின்று கல்யாணம் செய்துவைத்தவன் ஆவேன். 'வாடா போடா' என்றால் காதல் வந்துவிடுகிறது. பேர் சொல்லியே கூப்பிடட்டும்.)

3

சமையலறை மேசை. கணினிக்கு முன்னால் நாடீன், தோளுக்குப் பின்னால் கோரா. உதவித்தொகை விண்ணப்பத்தில், வீட்டில் எத்தனை பேர் என்ற இடத்தில் நாடீன் இரண்டு என்று போட்டிருந்தாள். அடுப்பில் மூன்று பேருக்கான இறைச்சி வெந்துகொண்டிருந்தது. அடுத்தது பெற்றோரின் திருமண நிலை. 'திருமணம் ஆகாதவர்' என்பதில் விரலைக் கொண்டுபோனாள்.

"நில்லும்மா. கீழ இன்னொண்ணு இருக்கு பாரு. 'திருமணம் ஆகவில்லை, பெற்றோர் இருவரும் சேர்ந்து வாழ்கிறார்கள்.'"

"நாங்க எங்கடி சேர்ந்து வாழறோம்? அவன் கீழ இருக்கான்."

"கீழன்னா? சீனாவிலயா?"

"வாடகை குடுக்கறான்ல."

"வாடகைக்கு இருக்கறவங்க மேல வந்து பாலைப் பாட்டிலோட குடிப்பாங்களா?"

சொல்லி வைத்தாற்போல ரஸ் படியேறி வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தான்.

"என்னைப் பத்தியா பேச்சு?"

"உன்னைக் குடும்பத்துல சேக்கறதா வேண்டாமான்னு பேசிட்டிருக்கோம்," என்றாள் நாடீன்.

"சேத்தா சம்பளம் கூடுமா?"

"அதான் பிரச்சினையே. கூடும்."

4

இந்தப் பகுதி என் காதால் கேட்டது, அதனால் சுருக்கமாகத்தான் இருக்கும்.

"அவருக்குத் தனி வாசல் இருக்கா? தனி சமையலறை?" என்று ஆலோசகர் கேட்டார்.

"ஒரு மின்சார அடுப்பு இருக்கு."

"அது சமையலறை ஆகாது, நாடீன். அப்ப ஒரே வீடுதான். ரெண்டு பேர் வருமானமும் வரணும். அவரும் தன் பங்குக்குக் கையெழுத்துப் போடணும்."

"அவர் வேற எடத்துக்குப் போயிட்டா?"

"கையெழுத்துப் போடற அன்னிக்கு நிலைமை என்னவோ, அதான் பதில்."

(அந்தப் பெண்ணின் பேர் உண்மையில் எனக்குத் தெரியாது. நாடீன் என்று அழைத்தது ஆலோசகர் இல்லை, நான்.)

சங்கதி இதுதான். நாடீன் சம்பளம் மட்டும் என்றால் அரசாங்க உதவி ஏறக்குறைய முழுதாக வரும். கோரா வெளியூரான கொலம்பஸில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கலாம். ரஸ்ஸின் ஓவர்டைமையும் சேர்த்தால் உதவி போச்சு. அந்த ஓவர்டைம் பணம் காகிதத்தில்தான் தடிமன். கையில் வருவதில் பெரும்பகுதி அவன் முதுகு ஆபரேஷனுக்கு வாங்கிய கடனுக்கே போகிறது. உதவி போனால் கோராவுக்கு உள்ளூர்க் கல்லூரியும் அம்மாவின் பழைய காரும்தான்.

5

ரஸ்மீதுதான் எனக்குச் சந்தேகம். ஒரு வரைவில் அவனைக் குடிகாரனாக்கினேன் [நீக்கு]. இன்னொன்றில் "தொழிற்சாலைப் பக்கம் அவனுக்கு வேறொரு" — அதுவும் வேண்டாம். கெட்டவனாக இருந்திருந்தால் அவனை வீட்டைவிட்டு அனுப்புவது எவ்வளவு சுலபம்! அந்த வசதியை அவன் எனக்குத் தரவில்லை. விஷயத்தைக் கேட்டதும் ஒரே சொல்லில் முடித்தான்.

"போயிடறேன்."

"எங்க போவ?" என்றாள் நாடீன்.

"தம்பி வீட்டு கராஜுக்கு மேல ரூம் காலியாத்தான் இருக்கு. ஒரு வாரம் இருந்துட்டு வந்துடறேன்."

கோரா தலையை நிமிர்த்தினாள். "அது பொய்யில்லயா? கடைசியில நானும் கையெழுத்துப் போடணும்ப்பா. போறதுன்னா நெஜமாவே போகணும்."

அவன் இத்தனை சுலபமாக ஒப்புக்கொண்டது நாடீனுக்குச் சுருக்கென்று தைத்தது. அதைக் காட்டிக்கொள்ளக்கூடாது என்று சிங்க்கில் இருந்த சுத்தமான தட்டையே திரும்பக் கழுவினாள். குடியிருப்பவர் காலி செய்தால் வீட்டுக்காரிக்கு அழுகை வருமா? வந்தது. எனக்கும் அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ரஸ் போகிறான். உதவி வருகிறது. கோரா கொலம்பஸ் போகிறாள். வீட்டில் நாடீன் மட்டும். ஹீட்டர் முனகுகிறது, தட்டிக்கொடுக்க ஆளில்லை. நியாயமான முடிவு. ஆனால் எழுதி முடித்தபோது நல்ல காரியம் செய்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

இல்லையென்றால், 'சேர்ந்து வாழ்கிறார்கள்' என்று போடுகிறார்கள். கோரா பிறந்த ஆஸ்பத்திரிக் காகிதத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து கையெழுத்திடுவது இதுதான் முதல் தடவை. அம்மாவும் அப்பாவும் மாலையும் கழுத்துமாக நிற்காத குறை. அதற்கான மொய்யை வைப்பது மட்டும் கோரா.

"ஏன் சார், பேசாமல் கல்யாணம் செய்துவைத்தால் என்ன?" என்று கேட்பீர்கள், தெரியும். செய்தாலும் அதே கணக்குதான். ஒரே கூரைக்குக் கீழ் இருந்தால் போதும், அரசாங்கத்துக்குத் தாலி வேண்டாம்.

7

சனிக்கிழமை காலை. ரஸ் பெட்டிகளை டிரக்கில் ஏற்றிவிட்டு, ஷூவைக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றான். கையில் சாவி.

"இதை எங்க வைக்கட்டும்?"

நாடீன் கணினியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "உனக்குப் போகணும்னு இருக்கா?"

"எனக்கு என்ன இருக்குன்னு நீ எப்பக் கேட்ட, நாடீன்?"

"நீ எப்பச் சொன்ன?"

"பொண்ணு படிக்கட்டும். அவ்வளவுதான்."

"நானும் அதைத்தான் சொல்றேன்," என்றாள். சாவியை வாங்கக் கை நீட்டவில்லை.

பக்கத்தில் இருந்த கோரா கணினியை மூடினாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணு சொல்லுங்க. இந்த ஃபார்முக்காகக் கேக்கல. காலேஜை விடுங்க. ஸ்கூல்ல யாராவது கேட்டா மழுப்பிடுவேன். எனக்கே தெரியாது. நீங்க சேர்ந்து இருக்கீங்களா, இல்லையா?"

ரஸ் நாடீனைப் பார்த்தான். நாடீன் ரஸ்ஸைப் பார்த்தாள். அவள் வாய் திறக்கிறாள்.

இந்த இடத்தில் எத்தனையோ வாக்கியங்களை அவளுக்குக் கொடுத்துப்பார்த்தேன். 'ஆமா' என்றால் பெண்ணின் கொலம்பஸ் போகிறது. 'இல்ல' என்றால் இத்தனை வருஷத்து வெள்ளிக்கிழமைகள் போகின்றன. இரண்டில் ஒன்றை அவள் வாயில் திணிக்க என்னால் முடியவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். எது சொன்னாலும் எழுதிக்கொள்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: என்னைப் பார்த்துச் சொல்லவேண்டாம். கோராவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.