சாரல் பக்கம் கறுத்த நாள்

தென்காசி இசக்கிச்செல்வியின் 'சாரல் பக்கம்' இணையத்தில் என்ன சொல்கிறது என்று பார்க்காமல், சீசனில் யாரும் குற்றாலத்துக்கு வண்டியை எடுப்பதில்லை. எந்த அருவியில் தண்ணீர் விழுகிறது, எங்கே குளிக்கத் தடை என்று விடிந்ததும் போட்டுவிடுவாள். ஆனி மாத ஞாயிறு ஒன்றில் அந்தப் பக்கம் முழுக்கக் கறுப்பாக இருந்தது. நடுவில் ஒரே வரி: "புதிய சட்டம் வந்தால் எந்த நாளும் இப்படி ஆகலாம்." கீழே, மனுவில் கையெழுத்திட ஓர் இணைப்பு.

திருட்டுப் படங்களைத் தடுக்கத்தான் சட்டம் என்றார்கள். மசோதாவைச் செல்வி முழுக்கப் படித்தாள். 'இது என்னுடையது' என்று யார் புகார் கொடுத்தாலும், விசாரிக்கும் முன்பே மொத்தப் பக்கத்தையும் முடக்கலாம். போன வருஷம் ஒரு லாட்ஜின் கழிவு ஓடையில் கலப்பதை அவள் வீடியோ எடுத்துப் போட்டாள். பின்னணியில் கேட்ட டீக்கடைப் பாட்டைக் காட்டி எவனோ புகார் கொடுக்க, வீடியோ பதினோரு நாள் காணாமல் போனது. அதற்குள் லாட்ஜ்காரர்கள் கழிவுக் குழாயைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். அவள் பொய்க்காரி ஆனாள். அதனால்தான் ஒரு நாள் பக்கங்களை இருட்டாக்கும் போராட்டத்துக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

ஆனால் அந்த ஞாயிறு காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. போனைப் பார்த்துப் பார்த்து இரண்டு தோசை கருகிவிட்டது. ஐந்தருவிச் சாலையில் வேறொரு லாட்ஜ் வைத்திருக்கும் முகம்மது மீரான் கூப்பிட்டார்.

"ஏம்மா செல்வி, தண்ணி விழுதான்னு எல்லாரும் என்னையப் போட்டு கேக்காங்க. சீசன்ல போயி இப்படிப் பண்ணுதியே?"

"ஒரு நாள்தான அண்ணாச்சி. சட்டம் வந்துட்டா..."

"சட்டம் டெல்லியில இருக்கு. அருவி இங்கனல்லா இருக்கு!" வைத்துவிட்டார்.

பதினோரு மணிக்கு, பழைய குற்றாலத்தில் துண்டு விற்கும் ஆசியா மூச்சுவாங்கப் பேசினாள். "அக்கா, தண்ணி கலங்கி, கட்டையும் சருகுமா வருது. ரெண்டே போலீஸு விசில் ஊதி ஆளுகள வெளியேத்துதாங்க. காரு வந்துக்கிட்டே இருக்கு."

செல்வி எழுந்தாள், உட்கார்ந்தாள். மாலை ஆறு மணி வரை திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அந்தக் கார்களில் பிள்ளைகள் இருக்குமே. கறுப்பை எடுத்துவிட்டு எழுதினாள்: "பழைய குற்றாலத்தில் வெள்ளம். போகாதீர்கள். வழியில் இருப்பவர்கள் திரும்பிவிடுங்கள்."

ஐந்து நிமிஷத்தில், போராட்டத்தை ஒருங்கிணைத்த ஜெபஸ்டின் அழைத்தான். "என்னக்கா, நம்ம பேசுனது என்ன?"

"எவனும் என் வாயை மூடக்கூடாதுன்னுதான தம்பி போராடுதோம்? நானே மூடிக்கிட்டு ஆளுகளச் சாகவிடவா?"

"சரிக்கா. நானும் அதப் பகிருதேன்."

பாதி வழியிலேயே கார்கள் திரும்பின. ஆசியாவின் துண்டு மூட்டை வெள்ளத்தோடு போனது; ஆள் சேதமில்லை. மதியம் தண்ணீர் வடிந்ததும் செல்வி பக்கத்தை மறுபடி கறுப்பாக்கினாள். திரும்பிப் போனவர்களில் சிலர் ஏசினார்கள். நிறையப் பேர் என்ன சட்டம் என்று கேட்டுக் கையெழுத்திட்டார்கள். மீரான் கையெழுத்திடவில்லை. ஆனால் மனுவின் இணைப்பை அச்சடித்து லாட்ஜ் மேசையில் ஒட்டியிருந்தார்.

மசோதா இப்போது ஏதோ குழுவிடம் இருக்கிறதாம். வாபஸ் என்று யாரும் சொல்லவில்லை. தினமும் காலையில் அருவி நிலவரம் கேட்கும் முன்னால், செல்வி அந்தச் செய்தியைத்தான் தேடுகிறாள்.