நெல்லின் மேல் சப்பாத்து

"சப்பாத்து தரேல்லை எண்டு சொல்லுங்கோ அம்மா," என்று ஜெயபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன்.

"தந்தவர், பிள்ளை. கறுப்பு ரப்பர் சப்பாத்து. எனக்கு அளவும் சரி."

"அதைச் சொன்னால் நட்டஈடு கிடைக்காது."

"கிடைக்கும். நான் வாங்குவன்."

யோகநாதனின் அரிசி ஆலையில் என் அம்மா சிவலட்சுமி நெல் அவித்தார். சித்திரையில் ஒருநாள் அவிக்கும் தொட்டியின் வால்வு கழன்று, கொதிநீர் அவருடைய பாதங்களில் பாய்ந்தது. வலிக்கவில்லை என்றார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நரம்பும் வெந்துவிட்டால் வலி தெரியாது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இப்போது குழாயடிக்குப் போவதென்றாலும் இடையில் குந்தி எழும்ப வேண்டும். ஆலை வேலை இனி இல்லை. வயல் வேலையும் இல்லை.

முதலாளி தோடம்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்துபோனார். நட்டஈட்டுக்கு விண்ணப்பித்ததும் வருவதை நிறுத்திவிட்டார். பாதுகாப்புச் சப்பாத்துக் கொடுத்து, போடச் சொல்லியும் சிவலட்சுமி போடவில்லை, ஆகவே தனக்குப் பொறுப்பில்லை என்று பதில் அனுப்பினார். அதை ஏற்றுக்கொண்டால் எங்களுக்கு ஒன்றுமில்லை.

கிளிநொச்சியில் நட்டஈட்டு விசாரணை நடந்த அறை சிறியது. விசாரித்த அதிகாரி ஒரு பெண். எதிரே யோகநாதன், நெற்றி நிறையத் திருநீறு.

"சிவலட்சுமி, உனக்கு நான் என்ன குறை வைச்சனான்?"

"குறை காலிலதான் முதலாளி. மற்றும்படி ஒண்டுமில்லை."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சப்பாத்து தந்தவரோ அம்மா?"

நான் அம்மாவின் முழங்கையைத் தொட்டேன். அவர் கையை விலக்கிக்கொண்டார்.

"ஓம், தந்தவர்."

யோகநாதன் கதிரையில் நன்றாகச் சாய்ந்தார்.

"கால் வெந்த அண்டைக்குப் போட்டிருந்தனீங்களோ?"

"இல்லை மிஸ். வாசல்ல கழட்டி வைச்சனான். உள்ளுக்க நெல்லுப் பரவிக் கிடக்கு. நெல்லு லட்சுமியெல்லே, சப்பாத்தோட மிதிக்கேலுமே?"

"நான் போடச் சொன்னனான்!" என்றார் யோகநாதன்.

"சொன்னீங்கள். சப்பாத்து வாங்கின அண்டைக்கு. எங்களை வரிசையில விட்டுப் படமும் எடுத்தீங்கள். அடுத்த நாள் என்னோட வேலை செய்யிற நிசாந்தினி மறந்துபோய் அதோட நெல்லில ஏற, 'மூதேவி, கழட்டடி! ஆலை விளங்காமல் போகும்' எண்டு கத்தினது ஆர்?"

"நான் அப்பிடிக் கத்தேல்லை."

"சரி. அப்ப நாளைக்குக் காலமை மிஸ்ஸும் வரட்டும். அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, காயிற நெல்லுக்கு மேல நீங்கள் ஒருக்கா நடவுங்கோ. நடந்தால் நான் இதை விடுறன்."

நடந்துவிட்டால்? ஆறேழு அடிதானே. ஆலையைக் காப்பாற்ற யார்தான் நடக்கமாட்டார்கள்?

யோகநாதன் அம்மாவைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"நடப்பீங்களோ ஐயா?" என்று அதிகாரி கேட்டார்.

"அதெப்பிடி மிஸ்... சாப்பிடுற சாமானெல்லே."

"வேலை செய்யிற ஆக்கள் நடக்கிறவையோ?"

"ஒருத்தரும் நடக்கிறேல்லை." குரல் இறங்கியது. "நான் விடுறதுமில்லை."

அதிகாரி எழுதத் தொடங்கினார்.

"விடுறதுமில்லை எண்டதையும் எழுதுங்கோ மிஸ்," என்றார் அம்மா.

"எழுதிட்டன் அம்மா." அவர் யோகநாதன் பக்கம் திரும்பினார். "நீங்களே கழட்ட வைச்சுப்போட்டு, அவா சொல்லுக் கேக்கேல்லை எண்டு சொல்லேலாது ஐயா. உங்கட மறுப்பு நிக்காது. இனிக் காலின்ர பாதிப்பு எவ்வளவு எண்டு டொக்டர் சொல்லவேணும், அவ்வளவுதான்."

வாக்குமூலத்தை அவருக்கு முன்னால் நகர்த்தினார். யோகநாதன் பேனையைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார்.

"வாங்கோ அம்மா, போவம்," என்று மெல்லச் சொன்னேன்.

"பொறு," என்றார் அம்மா. முதலாளி கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.