ஊரெல்லாம் ஆரஞ்சு முதுகு

என் மனைவி ரைலி வருடத்துக்கு ஒரு முறைதான் உத்தரவு போடுவாள். அந்த வருடத்து உத்தரவு நவம்பரிலேயே வந்துவிட்டது.

"காத்து புகாத உடுப்பு ஒண்ணு வாங்கு. இல்லேன்னா ஏரிப்பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காத."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. போன பிப்ரவரியில் நான் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று காற்று கிளம்பிக் கரையே மறைந்துவிட்டது. நான் உடுத்தியிருந்தது பழைய ராணுவ வெள்ளை மேலங்கி. பனியில் சிப்பாய் எதிரி கண்ணுக்குத் தெரியாமல் இருக்கவேண்டும் என்று தைத்தது. மூன்று மணி நேரம் என்னைத் தேடினார்கள். ரைலியின் தம்பி ரெய்யோ பனி ஸ்கூட்டரில் எனக்குப் பத்தடி தள்ளி இரண்டு முறை போனான், கண்ணில் படவில்லை. மூன்றாவது முறை என் காபி ஃபிளாஸ்க் மேல் வண்டியை ஏற்றி நசுக்கியபோதுதான் அதன் பக்கத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தான். நல்ல ஃபிளாஸ்க் அது.

அப்புறம் ஒரு மாதம் நெஞ்சுச்சளி. ஆனாலும் அந்த மேலங்கியை விட எனக்கு மனமில்லை. காரணத்தை ரைலியிடம் சொல்ல முடியாது.

காரணம் கல்மேடு. ஏரியின் நடுவில், பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்கு நடுவே, மூன்று மீட்டரில் தண்ணீருக்கடியில் ஒரு கல்மேடு இருக்கிறது. உடம்பெல்லாம் கறுப்பு வரி போட்ட மீன், ஒவ்வொன்றும் அரை முழ நீளம், அங்கே வந்து மேயும். பதினொரு குளிர்காலம் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி இறக்கி நானே கண்டுபிடித்தது. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ரைலியிடம் சொன்னால் அவள் தம்பிக்குத் தெரியும், தம்பிக்குத் தெரிந்தால் எங்கள் கைனூ மாவட்டத்துக்கே தெரியும்.

எங்கள் ஏரியில் ஒரு மரியாதை உண்டு. மீன் எங்கே கிடைத்தது என்று ஒருவன் கேட்டால், "ஏரியில" என்று பதில் சொல்லவேண்டும். கேட்டவன் தலையாட்டிவிட்டுப் போகவேண்டும். இரண்டாவது கேள்வி கேட்பவன் மனிதனே இல்லை. ஆனால் பார்க்கக்கூடாது என்று மட்டும் சட்டம் கிடையாது. கரையைச் சுற்றி எல்லா அடுக்களை ஜன்னலிலும் ஒரு தூரக்கண்ணாடி தொங்கும். மீனை இழுக்க ஒருவன் கை மூன்று முறை மேலே போனால் போதும், அரை மணியில் பதினைந்து துளைப்பான்கள் அவனைச் சுற்றிக் கறகறக்கும். வெள்ளை மேலங்கிதான் இத்தனை காலம் என் கல்மேட்டைக் காப்பாற்றியது.

உத்தரவு உத்தரவுதான். என்சியோவின் கடைக்குப் போனேன்.

உடுப்பு வாங்குவதில் நான் ஏமாறுகிறவன் இல்லை. துணியை வாயில் வைத்து ஊதிப் பார்ப்பேன். ஊதிய மூச்சு மறுபக்கம் உள்ளங்கையில் பட்டால் காற்றும் அப்படித்தான் வரும், கீழே வைத்துவிடலாம். கால்சட்டை மார்பு வரைக்கும் ஏறவேண்டும். முழங்காலில் பஞ்சு வைத்துத் தைத்திருக்கவேண்டும், மண்டியிடுவது அதன்மேல்தான். கையுறையோடு ஜிப்பை இழுக்க முடியவேண்டும். இதெல்லாம் சரியாக இருந்த ஒரு உடுப்பை மாட்டிக்கொண்டு, கடைத்தரையில் குப்புறப் படுத்து, இல்லாத ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தேன். இடுப்பில் துளி இடைவெளி விழவில்லை. மூன்று வாடிக்கையாளர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள், யாரும் ஆச்சரியப்படவில்லை.

"இதேதான். கறுப்புல குடு," என்றேன்.

"உங்க அளவுல ஆரஞ்சு மட்டும்தாண்ணே இருக்கு," என்றான் என்சியோ, கல்லாவைப் பார்த்துக்கொண்டு.

"சாம்பல்?"

"ஆரஞ்சு."

"யோவ், இத மாட்டுனா ரஷ்யாக்காரனுக்கும் தெரியுமேய்யா!"

"பாதுகாப்புக்கு நல்லதுண்ணே."

அந்த ஆரஞ்சு சாதாரண ஆரஞ்சு இல்லை. அதைப் பார்த்தால் நாய் குரைத்தது. வீட்டில் ரைலி என்னைச் சுற்றி வந்து பார்த்து, "லட்சணமா இருக்க," என்றாள். கல்யாணத்தன்றுகூடச் சொல்லாத வார்த்தை.

ஜனவரியில் பனி நன்றாக இறுகியது. சோதித்துப் பார்க்க, ஒன்றுமே கிடைக்காத நாணல் முனையில் போய் உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் ரெய்யோ வந்துவிட்டான்.

"என்ன மாமா, பழுத்துட்டீங்க போல?"

"மச்சான், ஏரி பூரா இடம் கிடக்கு. என் மடியிலதான் ஓட்டை போடுவியா?"

"உங்க மடியில மீன் இருக்குமே மாமா."

அவன் பின்னால் இன்னும் ஆறு பேர். எட்டு பேருமாகச் சாயங்காலம் வரை கீஸ்கி பிடித்தோம். விரல் நீளம், பாதி முள், பாதி கொழகொழப்பு, பூனைகூட யோசித்துத் தின்னும் மீன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த உடுப்போடு கல்மேட்டுக்குப் போனால் பதினொரு வருட உழைப்பு அரை மணியில் பாழ் என்பதும் தெரிந்துபோயிற்று. ஒரு வாரம் உதவாத இடத்திலெல்லாம் உட்கார்ந்து கீஸ்கியாகப் பிடித்தேன்.

ஆரஞ்சை ஒளிக்க முடியாது. சரி, ஆரஞ்சுக்குள் ஒளிய முடியுமா என்று யோசித்தேன்.

எங்கள் வீட்டு உறைபெட்டியில் போன வருடத்து வரிமீன் ஏழெட்டு இருந்தது. மைனஸ் இருபதில் இன்று பிடித்த மீனும் கட்டை, போன வருடத்து மீனும் கட்டை. பையில் போட்டுக்கொண்டு பெட்ரோல் பங்க் காபிக் கடைக்குப் போய், மேசை மேல் தட்டென்று வைத்தேன். கடையில் எல்லாத் தலையும் திரும்பியது.

"எங்க?" என்றான் ரெய்யோ.

"ஏரியில."

தலையாட்டினான். மரியாதை தெரிந்தவன். நான் காபியை உறிஞ்சிக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோல, "மீனுக்கு நிறம் தெரியாதுன்னு யாரு சொன்னது? கீழேர்ந்து பாக்கறப்ப இந்த ஆரஞ்சு வெயில் மாதிரி தெரியுதோ என்னமோ," என்றேன். பொய் சொல்லவில்லை. என்னமோ என்றுதான் சொன்னேன்.

மறுநாளும் அதே மீன், அதே மேசை, அதே பெருமூச்சு. பத்து நாளில் என்சியோ பத்தொன்பது ஆரஞ்சு உடுப்பு விற்றான். ரெய்யோ முதல் நாளே வாங்கிவிட்டு, தனக்குக் குளிர் அதிகம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அப்புறம் என் ராஜ்ஜியம். ஏரி முழுக்க ஆரஞ்சுப் பொட்டு. மூடிய தலை, முகமூடி, பனிக்கண்ணாடி. போதாததற்கு எல்லோரும் காற்றுக்கு முதுகைக் காட்டி ஒரே திசை பார்த்துத்தான் உட்காருவோம், ஆகவே முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. எது நான், எது ரெய்யோ, பெற்ற தாய்க்கே தெரியாது. நான் கல்மேட்டில் உட்கார்ந்து ஆசைதீர இழுத்தேன். உடுப்பும் சும்மா சொல்லக்கூடாது, காற்று அதன்மேல் முட்டிமோதிவிட்டு அடுத்தவனைத் தேடிப் போயிற்று.

மூன்றாம் நாள், ஒரு ஆரஞ்சு உருவம் சறுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து எனக்குப் பதினைந்து அடி முன்னால், முதுகைக் காட்டி உட்கார்ந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அந்த அகலத்தையும் அசையாத உட்காரலையும் பார்த்ததும் புரிந்தது, தாவெத்தி. அக்கரையில் தனியாக இருக்கும் கிழவர். காது மந்தம். எங்கள் ஊரே பேசாத ஊர், அதில் பேசாதவர் என்று பேரெடுத்தவர். அவருக்குத் தெரிந்த ரகசியம் கல்லறைக்குத் தெரிந்த மாதிரி. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தினமும் வந்தார். தினமும் எனக்கு ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பிப் போனார். நான் சிவப்பு மணி கோத்த தூண்டில் ஒன்று கொடுத்தேன். காபி ஊற்றி நீட்டினால், திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கிக்கொள்வார். வீட்டில் நான் அதிகம் பேசுவதில்லை. காது கேளாத ஒரு முதுகு கிடைத்ததும் எனக்கு என்ன ஆயிற்றோ, வாய் திறந்துகொண்டது.

"தாவெத்தி, என் பொண்டாட்டி சூப்புல உப்ப அள்ளிக் கொட்டுறாய்யா. முப்பத்தாறு வருஷமா சொல்ல முடியல."

அன்று இரவுச் சாப்பாட்டில் சூப்பில் உப்பே இல்லை. நான் கிண்ணத்தைக் காலி செய்தேன். இன்னொரு நாள், காலை ஐந்து மணிக்கு ரேடியோவை அலற விடுகிறாள் என்று சொன்னேன். மறுநாள் ரேடியோ வாயே திறக்கவில்லை. தாவெத்தி ராசியான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

ஒரு நாள் வானம் வெளுத்து, போன பிப்ரவரி மாதிரியே காற்று முனக ஆரம்பித்தது. அப்போது சொன்னேன்.

"அன்னைக்கு நான் ரொம்பப் பயந்துட்டேன், தாவெத்தி. ரெய்யோ வண்டிச் சத்தம் பக்கத்துல கேக்குது, கத்துனா எனக்கே கேக்கல. செத்துட்டா ரைலி தனியா என்ன பண்ணுவான்னுதான் நெனச்சேன். அவகிட்ட சொல்லல. ஃபிளாஸ்க் போச்சேன்னுதான் சொன்னேன்."

முதுகு அசையவில்லை. சற்று நேரத்தில் அவர் சாமானைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் ரைலி வெண்ணெயில் மீன் பொரித்து வைத்திருந்தாள். ரெய்யோ கொடுத்தானாம். நல்ல பருமனான வரிமீன். இந்தப் பயல் எங்கே பிடிக்கிறான் என்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மார்ச்சில் ஊர்ப் போட்டி. பரிசு ஒரு செப்புக் காபிக் கெண்டி. ஜெயித்தவர் பேரை அதில் பொறிப்பார்கள். ரெய்யோ பேர் ஐந்து முறை இருக்கிறது, என் பேர் இல்லை. விசில் ஊதியதும் நான் சுற்றுவழியில் கல்மேட்டுக்கு விரைந்தேன். போனால், மேட்டின் உச்சியில், என் ஓட்டையிலேயே, அந்த ஆரஞ்சு முதுகு. உட்கார்ந்திருப்பவருக்குப் பத்து மீட்டருக்குள் துளைக்கக்கூடாது என்பது விதி. வாய்விட்டுத் திட்டவும் முடியாது, திட்டினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. சரிவில் ஓட்டை போட்டு, அந்தக் கை ஏறி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நாலு மணி நேரம் கழித்தேன்.

எடை போடும் இடத்துக்கு வந்தேன். எனக்கு ஒரு கிலோ தொள்ளாயிரம், ரெய்யோவுக்கு எழுநூறு கிராம். சூப் வரிசையில் தாவெத்தி நின்றுகொண்டிருந்தார். ஆட்டுத்தோல் கோட்டு, காதுத்தொப்பி. ஆரஞ்சு இல்லை.

"தாவெத்தி," என்று கத்தினேன், "உங்க ஆரஞ்சு உடுப்பு எங்க?"

அவர் காதில் கை வைத்து யோசித்தார். "எனக்கு எதுக்குப்பா அந்தக் கண்றாவி?" என்றார்.

என் பின்னால் தராசில் பை விழும் சத்தம் கேட்டது. மூன்று கிலோ நானூறு. ஆரஞ்சுக்காரர் கண்ணாடியைக் கழற்றி, முகமூடியை இறக்கினார். ரைலி.

"அக்கா!" ரெய்யோ வாயைப் பிளந்தான். "எங்க புடிச்ச?"

போச்சு என் கல்மேடு என்று நினைத்தேன். மொத்தக் கூட்டமும் அவளைப் பார்த்தது. அவள் நிதானமாக என்னைப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"ஏரியில," என்றாள்.

வீட்டுக்குச் சறுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, கெண்டி என் கையில். அவள் பேர் பொறிக்கவேண்டிய கெண்டி.

"சூப்புல உப்பு இப்ப சரியா இருக்கா?" என்றாள்.

"நீ எப்படி... அங்க..."

"உன் தடத்துலயே நடந்து வந்தேன். என்சியோகிட்ட உன் அளவுல கறுப்பு இருந்துச்சு. நான்தான் மறைக்கச் சொன்னேன்."

"ஏண்டி?"

வண்டியை நிறுத்தினாள்.

"அன்னைக்கு மூணு மணி நேரம் ஜன்னல்ல நின்னேன். வெள்ளைக்குள்ள வெள்ளை, ஒண்ணும் தெரியல. இந்த வருஷம் முதல் வாரம் அந்த ஆரஞ்சுப் பொட்டப் பாத்துக்கிட்டே நிம்மதியா சமைச்சேன். அப்புறம் நீ பெரிய புத்திசாலி, உறைபெட்டி மீனத் தூக்கிட்டுப் போய் ஊருக்கே ஆரஞ்சு மாட்டிவிட்ட. இருபது பேருல எது என் புருஷன்னு நான் எப்படிப் பாக்குறது? அதான் பக்கத்துல வந்து உக்காந்துட்டேன்."

வண்டியை நானே தள்ளினேன்.

மறுநாள் காலை இருவரும் கல்மேட்டுக்குப் போனோம். வடக்கிலிருந்து காற்று அறுத்துக்கொண்டு வந்தது. அவள் வழக்கம்போல் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் வாளியை எடுத்துப் போய் அவளுக்கு எதிரே கவிழ்த்து, காற்றுக்கு முகம் கொடுத்து உட்கார்ந்தேன். மார்பில் துளி குளிர் இறங்கவில்லை. மூக்கு மட்டும் போய்விட்டது.

"பைத்தியமா உனக்கு? திரும்பி உக்காரு."

"முதுகப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு," என்றேன்.