முப்பத்திரண்டு என்று சீட்டு ஒட்டிய பெட்டி

அலுவலகத்தில் அவனுக்கு 'ரீஸ்டார்ட்' என்று பெயர். எந்தக் கம்ப்யூட்டர் எந்தக் கோளாறு செய்தாலும் அவன் வாயிலிருந்து முதலில் வரும் வார்த்தை அதுதான். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். மீதிப் பாதி நேரத்துக்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்களைப் பிரெய்லில் அச்சிடும் அச்சகம் அது. கடைசி அறையில் ஒரு சர்வர். பக்கத்து அறையில், தகரத்தில் ஆணி அடிப்பதுபோலச் சத்தம் போட்டபடி காகிதத்தில் புள்ளி குத்தும் எந்திரம். அதை ஒட்டிய மேஜையில் பிழை திருத்துபவர், அவனுடைய அண்ணி. பிறந்ததிலிருந்து பார்வை கிடையாது. அவன் தவறுகளைக் கண்டுபிடிக்க அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை.

இந்த வாரம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஏழாம் பாடத்தில் வந்து நின்றுவிட்டது. ஆறு பாடம் வரை எழுத்தும் எண்ணும். ஏழிலிருந்து வடிவியல். முக்கோணத்தையும் வட்டத்தையும் புடைத்த புள்ளிகளாக மாற்றும் புரோகிராம், நினைவகம் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடும். ரீஸ்டார்ட் செய்தால் எழுந்து வந்து, அதே பக்கத்தில் மறுபடி படுக்கும். இத்தனைக்கும் சர்வரில் பதினாறு ஜிபி செருகியிருந்தது. அதில் மூன்றேகால்தான் அதன் கண்ணில் பட்டது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கருவான கர்னல், முப்பத்திரண்டு பிட். அறுபத்துநாலு பிட் கர்னலைப் போட்டால் பதினாறும் கைக்கு வரும். ஆனால் அதைச் சுமக்க ப்ராசஸரும் அறுபத்துநாலாக இருக்க வேண்டும். இருப்புப் பட்டியலில் ப்ராசஸர் முப்பத்திரண்டு என்று இருந்தது. பெட்டியின் நெற்றியில் ஒட்டிய சீட்டுகளிலும் அப்படியே, கண்ணால் படிக்க ஒன்று, விரலால் படிக்க ஒன்று.

புதன்கிழமை காலை மேலாளர் இருவரையும் கூப்பிட்டார்.

"நாளைக்கு நாலு மணிக்கு வண்டி வருது. சர்வரைக் கழிச்சுடலாம். கணக்குப் புத்தகத்தை வெளியில குடுத்து அடிச்சுக்கலாம், பேசிட்டேன்."

"படம் போடுவாங்களா சார்?" என்றாள் அண்ணி.

"எழுத்து மட்டும்தாம்மா. படம் வர்ற எடத்துல 'படம் விடப்பட்டது'ன்னு ஒரு வரி வந்துடும்."

அண்ணி மேஜை விளிம்பை ஒருமுறை தடவினாள். "என் பத்தாம் வகுப்புப் புத்தகத்துல அந்த வரி நூத்திப்பத்து தடவை வந்துச்சு சார். அந்த வருஷம் கணக்குல நான் ஒழுங்கா எண்ணினது அது ஒண்ணுதான். மேல கணக்கு எடுக்கறேன்னு போய் நின்னப்ப, படமே பார்க்காதவளுக்குக் கணக்கு எதுக்குன்னு அனுப்பிட்டாங்க."

"புரியுதும்மா. பெட்டி ஒத்துழைக்கணுமே."

"நாளைக்கு நாலு மணி வரைக்கும் பெட்டி நம்மளுதுதானே?" அவள் அவன் பக்கம் திரும்பினாள். "தம்பி, எந்திரிங்க."

எழுந்து போனானே தவிர, அவன் கையில் இருந்தது கழிவுப் படிவம்தான். பெட்டியை அனுப்புவதற்கு முன் அதை நிரப்பித் தர வேண்டும். நாலாவது கட்டத்தில் ப்ராசஸரின் மாடல் எண் கேட்டிருந்தது. பட்டியலில் அது இல்லை. சரி, போகிற உயிரிடமே கேட்டுவிடுவோம் என்று ப்ராசஸரின் விவரங்களைத் திரையில் வரவழைத்தான்.

இரண்டாவது வரியில் இருந்தது: இயங்கும் முறைகள், 32 பிட், 64 பிட்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தான். வரி மாறவில்லை.

"என்ன தம்பி, சத்தத்தையே காணோம்?"

"அண்ணி, இது அறுபத்துநாலு."

"பட்டியல்ல முப்பத்திரண்டுன்னு எழுதின புண்ணியவான் யாரு?"

பட்டியலின் அடியில் கையெழுத்து இருந்தது. வால் நீண்ட, அழகான கையெழுத்து. அவன் மனைவிகூடப் பாராட்டியிருக்கிறாள். "நான்தான்."

ஆறு வருடங்களுக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிது. இழுப்பறையில் கிடந்த டிஸ்க் முப்பத்திரண்டு பிட். அதையே போட்டான். பிறகு பட்டியல் எழுதும்போது, இது என்ன ரகம் என்று ஒரு கட்டளை தட்டினான். அந்தக் கட்டளைக்குப் பதில் சொல்வது ப்ராசஸர் அல்ல, கர்னல். அது தன் ரகத்தைச் சொன்னது. இவன் அதைப் ப்ராசஸரின் ரகம் என்று எழுதிக்கொண்டான்.

விளக்கியபோது அண்ணி சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"முன்னறையில வாடகைக்கு இருக்கிறவர்கிட்ட வீட்டுல எத்தனை ரூம்னு கேட்டிருக்கீங்க. அவர் பாவம், ஒண்ணுன்னு சொல்லிருக்கார். வீட்டுக்காரர் கதவை நீங்க தட்டவே இல்ல."

"தட்டல அண்ணி."

"உங்க பேச்சை நம்பி பிரெய்ல் சீட்டைக் குத்திக் குடுத்தது நான். ஆறு வருஷமா அதைத் தடவறப்பல்லாம், பாவம் வயசான பெட்டின்னு அனுதாபப்பட்டிருக்கேன். அந்த அனுதாபத்தை இப்ப யார்கிட்ட திருப்பி வாங்கறது?"

சத்தமில்லாமல் புதுக் கர்னலைப் போட்டுவிட்டு, பெட்டியைப் பிழைக்க வைத்த மருத்துவனாக உலவலாமா என்று ஒரு காபி குடித்து முடிக்கும் வரை யோசித்தான். நல்ல யோசனை. ஆனால் வண்டியை நிறுத்தக் காரணம் சொல்லியாக வேண்டும், காரணத்தின் அடியில் அவன் கையெழுத்து இருந்தது. மேலாளர் அறைக்குப் போனான்.

அவர் முழுதும் கேட்டார். "அப்ப ஆறு வருஷமா?"

"ஆமா சார்."

"இதுக்குப் பதினாறு ஜிபி வேணும்னு எனக்கு லெட்டர் எழுதினது?"

"அதுவும் நான்தான் சார்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வண்டியைச் சொல்லிட்டேன், அது வரும். வர்றதுக்குள்ள ஏழாம் பாடம் படத்தோட என் கையில இருந்தா, சர்வர் இல்லாம அனுப்பிடறேன்."

அன்று பகல் முழுக்கப் பழைய கோப்புகளைப் பத்திரமாகப் பிரதி எடுத்தான். மாலைக்குள் அறுபத்துநாலு பிட் சிஸ்டம் ஏறியது. பதினாறு ஜிபியும் திரையில் தெரிந்தன. வியாழன் காலை பத்து மணிக்கு ஏழாம் பாடம் மூச்சுத் திணறாமல் மாறி முடிந்தது. பெருமையோடு புள்ளி எந்திரத்துக்கு அனுப்பினான்.

எந்திரம் அசையவில்லை. ரீஸ்டார்ட் செய்தான். வெட்கத்தோடு இன்னொரு தடவையும் செய்தான். அந்த எந்திரத்தை ஓட்டும் 'டிரைவர்' என்ற புரோகிராம் முப்பத்திரண்டு பிட் கர்னலுக்காக எழுதியது. புதுக் கர்னல் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது. புது டிரைவர் கேட்கலாமென்றால், அந்த எந்திரத்தைச் செய்தவர்கள் கடையை மூடிப் பல காலம்.

பழைய கர்னலுக்குத் திரும்பினால் எந்திரம் ஓடும், படம் வராது. புதியதில் படம் வரும், எந்திரம் ஓடாது. பழைய டிஸ்க்கைக் கையில் புரட்டிக்கொண்டே நடந்தவன், வாசலில் வரவேற்பு மேஜை முன் நின்றான். அங்கே வரவேற்பு அக்காவிடம் வருகைப் பதிவுக்கு மட்டும் ஒரு கம்ப்யூட்டர். அதன் மேல் ஒரு பூந்தொட்டி.

"அக்கா, இது எனக்கு வேணும்."

"ரீஸ்டார்ட் பண்ணப் போறியா?"

"கழட்டப் போறேன்."

"அப்ப வர்றவங்க பேரை?"

"நோட்டுல எழுதுங்க அக்கா. பேனா நான் தரேன்."

இந்தத் தடவை டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் ப்ராசஸரைக் கேட்டான். முப்பத்திரண்டு, அது மட்டும்தான். அந்த எண்ணைப் பார்த்து அவன் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பழைய பெட்டியில் பழைய கர்னல், அதனோடு பழைய எந்திரம். படம் வரைவது சர்வரின் வேலை. எந்திரத்தைப் புள்ளி குத்த வைப்பது இதன் வேலை. நடுவில் ஒரு நெட்வொர்க் கேபிள். அதில் இரண்டு பேர் தடுக்கினார்கள். இரண்டாவது தடவை தடுக்கியது அவனேதான்.

மூன்றரைக்கு எந்திரம் ஆணி அடிக்கத் தொடங்கியது. மூன்று நாற்பதுக்கு வண்டியும் வந்துவிட்டது.

முதல் தாளை அண்ணியிடம் கொடுத்தான். அவள் விரல் ஒரு சரிவில் ஏறியது, இறங்கியது, அடிக்கோட்டில் நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்தது. மறுபடி கிளம்பியது. மேலாளர் கதவருகே வந்து நின்றார், அவர் பின்னால் வண்டிக்காரர்.

"தம்பி."

"சொல்லுங்க அண்ணி."

"ஏ இருக்கு. பி இருக்கு. சி எங்க?"

"ஒரு எழுத்துதானேம்மா," என்றார் மேலாளர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

"அந்த முனைக்குப் பேர் இல்லைன்னா மூணாவது கேள்விக்கு எந்தப் பிள்ளையும் பதில் எழுத முடியாது சார். இருங்க."

மேலாளர் இருந்தார். உட்கார்ந்தால் சாயும் என்று எல்லோருக்கும் தெரிந்த மூலை நாற்காலியில் உட்கார்ந்து, சாய்ந்து, எழுந்து நின்றார். அவன் எழுத்து விடுபட்ட இடத்தைத் தேடித் திருத்தி மறுபடி அனுப்பினான். நாலு அடிக்க மூன்று நிமிடம் இருக்கையில் முழுப் பாடமும் மேலாளர் கையில் இருந்தது. வண்டிக்காரர் அந்த நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணி கடைசி அறைக்குப் போய், சர்வரின் நெற்றியிலிருந்த விரல் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள். குத்தூசியையும் புதுச் சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன எண்?"

"அறுபத்துநாலு."

"யார்கிட்ட கேட்டீங்க?"

"வீட்டுக்காரர்கிட்டயேதான் அண்ணி."

குத்தி ஒட்டினாள். தன் மேஜைக்குத் திரும்பினாள். சி இல்லாத தாள் இன்னும் அங்கேயே கிடந்தது. பிழையான தாளை உடனே கிழித்துப் போடுகிறவள், அதை மட்டும் நான்காய் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவன் பார்த்தான், பார்க்காததுபோல் கேபிளை ஓரமாக ஒதுக்கினான்.

"எட்டாம் பாடம் என்ன தம்பி?"

"வட்டம், அண்ணி."

"அனுப்புங்க."