நுரை வராத ஒன்பது நாள்

ஓஸ்வால்டுக்கு நுரை வந்தால்தான் மருந்து. தம்பி கில்பர்ட்டின் இடது பாதத்துப் புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுவார். வெள்ளையாகப் பொங்கும். "பாரு, கிருமி சாவுது" என்பார். கில்பர்ட் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். சர்க்கரையில் பாதி கால் மரத்திருந்தது; புண்ணின் ஓரத்தில் மட்டும் உயிர் மிச்சம்.

ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் இரண்டு கிழங்கள்தான். அண்ணன் ஐந்தாம் வகுப்போடு லேத் பட்டறைக்குப் போனவர். தம்பி கணக்கு வாத்தியார். அந்த வித்தியாசத்தை ஓஸ்வால்ட் ஒருநாளும் மன்னித்ததில்லை.

கட்டு மாற்ற வந்த நர்ஸ் ஜூலியா நுரையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"அங்கிள், கிருமி சாகலை. அதுக்குள்ளயும் நம்ம ரத்தத்துலயும் கேட்டலேஸ்னு ஒரு புரதம் இருக்கு. உங்க மருந்தை தண்ணியாவும் காத்தாவும் உடைச்சுப்போடும். அந்தக் காத்துதான் நுரை. கிருமி தப்பிச்சுக்குது, இவரோட புதுச் சதைதான் வேகுது."

"புரதம் முட்டையில இருக்கும். கிருமிக்கு யாரும்மா முட்டை அவிச்சுப் போட்டது?"

"உப்புத் தண்ணியில கழுவுங்க. இப்படியே போனா காலை எடுக்கணும்."

"நாளையிலேருந்து நீ வராதே. நானே கட்டுவேன்."

மறுநாள் அண்ணன் காலைப் பூசைக்குப் போனதும், கில்பர்ட் சுவரைப் பிடித்து நகர்ந்து போய், பாட்டிலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தார். காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரை அதில் நிரப்பினார்.

அன்று நுரை வரவில்லை. ஓஸ்வால்டுக்குப் பெருமை தாங்கவில்லை. "செத்துச்சு. அந்தப் பொண்ணைக் கூட்டிவந்து காட்டணும்."

ஒன்பதாம் நாள் கில்பர்ட் சவரக் கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்துப் பார்த்தார். புண்ணின் விளிம்பில் மாதுளை முத்துபோலச் சிவந்த சதை. நெடுநேரம் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை.

பத்தாம் நாள் காலை சவரம் செய்கையில் ஓஸ்வால்டுக்குத் தாடையில் கீறிவிட்டது. அந்தப் பாட்டிலிலிருந்து தொட்டு வைத்தார். எரியவில்லை, ரத்தத்தில் நுரையும் இல்லை. விரலை நக்கினார். உப்பு.

நேராக மருந்துக்கடைக்குப் போய் இரண்டு பாட்டிலோடு வந்தார். தம்பியின் கண்ணெதிரே மூடியைத் திருகினார்.

"எங்கிட்டயே வாத்தியார் வேலையா?"

"ணா, சதை வந்திருக்குணா. கண்ணாடியில பாரு, ஒரே ஒரு தடவை."

"காலை நீட்டு."

"வேணாம்ணா."

கணுக்காலைத் தன் முழங்காலுக்கடியில் அமுக்கிக்கொண்டு முழுப் பாட்டிலையும் ஊற்றினார். சிவப்பு முத்துகள் வெளுத்தன. மீதிப் பாட்டிலை அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினார். பிறகு காலையும் மாலையும் நுரைதான்.

மூன்றாம் வாரம் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். புண்ணுக்கு என்ன போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். கில்பர்ட் வாய் திறக்குமுன் ஓஸ்வால்ட் முந்திக்கொண்டார். "ஒன்பது நாள் வெறும் உப்புத் தண்ணி ஊத்திட்டான் டாக்டர். எனக்குத் தெரியாம. படிச்சவன்."

"அப்படியா?" என்றார் டாக்டர், கில்பர்ட்டைப் பார்த்து. அது உண்மைதான். கில்பர்ட் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் சக்கர நாற்காலியை நிறுத்தி, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் ஓஸ்வால்ட் அதையே சொன்னார். உப்புத் தண்ணி. ஒன்பது நாள். பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

கில்பர்ட் மறுக்கவில்லை. நாற்காலியை வீட்டுக்குத் தள்ள வேண்டியவர் அண்ணன்தான். வலது காலை மட்டும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அதன் பெருவிரலில் நேற்று ஒரு கொப்புளம் கண்டிருந்தது. அண்ணனுக்கு இன்னும் தெரியாது.