பெயர் சொல்லி ஓர் அதட்டல்

வைத்தீஸ்வரன் சட்டசபை மெம்பர் ஆனதில் அவர் மனைவி ஜகதாம்பாளுக்குச் சந்தோஷமே இல்லை. "கணக்கு வாத்தியாருக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் புது அங்கவஸ்திரத்தை மடித்துக் கொடுத்தாள். அவர் கேட்டால்தானே. பவானிபூர் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் கரும்பலகையோடு மல்லுக்கட்டிய மதராஸி, வங்காளத்துச் சபைக்குப் போகிறார் என்றால் சும்மாவா? பழைய மாணவர்கள்தான் தெருத் தெருவாக அலைந்து ஓட்டு வாங்கித் தந்தார்கள். அதில் முன்னால் நின்றவன் நிர்மல்.

அந்த நிர்மலைப் புரட்சிக்காரன் என்று இப்போது போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. விசாரணை கிடையாது, வக்கீல் கிடையாது, அகப்பட்டால் நேரே பர்மா ஜெயில் என்று ஓர் அவசரச் சட்டம் போட்டிருந்தார்கள். அதை நிரந்தரமாக்க ஒரு மசோதா சபைக்கு வந்திருந்தது. நிர்மலின் பெயர் போலீசுக்குத் தெரியும், முகம் தெரியாது. பையனுக்கு இருந்த பாதுகாப்பு அது ஒன்றுதான். கிடர்பூர் துறைமுகத்தில் வேறு பெயரில் குமாஸ்தாவாக ஒளிந்திருந்தான்.

ஓட்டெடுப்புக்கு முதல் நாள் பாலிகஞ்ச் ரயில் ஸ்டேஷனில் வைத்தீஸ்வரன் பக்கத்தில் வந்து நின்றான்.

"சனிக்கிழமை கப்பலேறிச் சிங்கப்பூர் போகிறேன், மாஸ்டர்மோஷாய். அதற்கு முன்னால் நீங்கள் அந்த மசோதாவை எதிர்ப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்."

"வராதே. சபை பூரா ரகசியப் போலீஸ்."

"என்னை யாருக்குத் தெரியும்? வேறு பெயரில் பாஸ் வாங்கிவிட்டேன்."

அன்றைக்கு வைத்தீஸ்வரனுக்குச் சோறு இறங்கவில்லை. இடது கண் வேறு துடித்துக்கொண்டே இருந்தது. "உடம்பு சரியில்லேன்னு சொல்லி அனுப்பிடுங்கோளேன்" என்றாள் ஜகதாம்பாள்.

"நான் போகாட்டா ஒரு ஓட்டு குறையும்டி."

மறுநாள் சபை கூடிய டவுன் ஹாலில் மூச்சு முட்டக் கூட்டம். பார்வையாளர் மாடத்தை நிமிர்ந்தே பார்க்கக் கூடாது என்று இருந்தவர், ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டார். சுவரோரமாக நிர்மல். அவனுக்குப் பின்னால் தடித்த ஆள் ஒருவன், கீழே நடக்கிற சபையைப் பார்க்காமல் சுற்றியிருந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ரகசியப் போலீஸ்தான். வைத்தீஸ்வரன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

அரசாங்கத் தரப்பில் ஒரு துரை எழுந்தார். ஜெயிலில் செத்துப்போன ஒரு பையனைப் பற்றிப் பேசினார். அவன் கூட்டாளிகளை எல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் செத்தான் என்றார்.

"பொய்" என்று மாடத்தில் ஒரு குரல். நிர்மல் எழுந்து நின்றிருந்தான். "அவன் வாயே திறக்கவில்லை."

சபைத் தலைவர் மேசையைத் தட்டி, அந்த ஆளை வெளியேற்றச் சொன்னார். அவ்வளவுதான் நடந்திருக்க வேண்டியது. சேவகர்கள் அவனைத் தெருவில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். சத்தம் போட்டவன் யார், என்ன பேர் என்று கேட்கிற வழக்கமெல்லாம் அங்கே இல்லை. சனிக்கிழமை கப்பலேறியிருப்பான்.

ஆனால் பின் பெஞ்சில் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்துப் பெயர் சொல்லி அதட்டுவது இருபது வருஷப் பழக்கமாயிற்றே. புத்திக்கு முன்னால் நாக்கு முந்திக்கொண்டது.

"நிர்மல், உட்கார்."

நிர்மல் உட்கார்ந்தான். அவனும் பாவம், அந்தக் குரலுக்கு உட்கார்ந்தே வளர்ந்தவன்.

ஹாலே சிரித்தது. தடித்த ஆள் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, வெகு மெதுவாக நிர்மலின் தோளில் கை வைத்தான்.

மசோதா தோற்றுப்போனது. வைத்தீஸ்வரன் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டார். ஆளாளுக்கு வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். அவசரச் சட்டம் காலாவதியாக இன்னும் சில மாதங்கள் இருந்தன. நிர்மலை அடைக்க அது போதும்.

மறுநாள் காலையில் நிர்மலின் அம்மா வந்தாள். ராத்திரியெல்லாம் அழுத முகம்.

"சபைக்குள்ளேயே யாரோ அவன் பெயரைச் சொல்லிவிட்டார்களாம், மாஸ்டர்மோஷாய். நீங்கள் மெம்பர், உங்களிடம் மறைக்க மாட்டார்கள். அந்தப் பாவி யாரென்று விசாரித்துச் சொல்லுங்கள்."

காபியோடு வந்த ஜகதாம்பாள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அவளிடம் ராத்திரியே சொல்லி அழுதிருந்தார்.

தப்புப் பண்ணினவன் தானாக எழுந்து நிற்க வேண்டும் என்பது வைத்தீஸ்வரனின் வகுப்பில் சட்டம். அவர் எழுந்து நின்றார். சொல்லத்தான் வாய் வரவில்லை.

அந்த அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இப்போதே கிளம்பிவிட்டீர்களா? எனக்குத் தெரியும், நீங்கள் விடமாட்டீர்கள்" என்று சொல்லி, குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.