ஆரோக்கியமான இருபது பேர்

டாக்டர் மீனலோசனிக்கு வீங்கின கால்களுக்குப் பஞ்சமே இல்லை. மலேசியாவில் ரெம்பாவ் பக்கம் எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்குக் கால் கட்டைவிரல் தக்காளி மாதிரி சிவந்திருக்கும். கவுட். மூட்டில் படியும் உப்பைப் பார்த்து, உடம்போடு பிறந்த காவல்படை எதிரி வந்துவிட்டான் என்று கொளுத்திவிடுகிறதாம். அந்தப் படையை அடக்கும் வழியைத்தான் டாக்டர் பதினொரு வருஷமாகத் தேடுகிறார்.

அவருக்குக் கிடைக்காதது நோயில்லாத இரத்தம். ஒப்பிட்டுப் பார்க்க, ஐம்பது வயது தாண்டிய ஆரோக்கியமான தோட்டத்து ஆட்கள் இருபது பேர் வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சேராவிட்டால் ஆராய்ச்சியையே மூடிவிடுவார்கள். ஆள் பிடிக்கும் வேலை என் தலையில். தோட்டத்து கிளினிக்கில் முப்பது வருஷம் ஊசி போட்ட இந்த விமலாவுக்கு மறுப்பு சொல்ல யாருக்கு தைரியம் என்று நினைத்தேன்.

அவர்கள் நிரப்ப வேண்டிய பாரத்தின் முதல் வரி காரியத்தைக் கெடுத்தது. "நான் நலமாக இருக்கிறேன், எனக்கு எந்த நோயும் இல்லை." கீழே கையெழுத்து. அம்பாங்கான் டவுனில் வளர்ந்த டாக்டருக்கு எங்கள் ஜனத்தைப் பற்றி என்ன தெரியும்? நல்லா இருக்கேன் என்று வாயால் சொன்னாலே கண் பட்டுவிடும். எழுதி வேறு கொடுப்பார்களா?

வெள்ளிக்கிழமை காலை மணியம் அண்ணன் அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நாங்கள் இரத்தம் எடுக்க உட்கார்ந்திருந்த கோயில் மண்டபத்துக்குள் வந்தார்.

"அண்ணே, உடம்புக்கு ஏதாவது?"

"கேக்காத விமலா. உடம்பு பூரா பஞ்சர்லா!"

மத்தியானம் வரை ஒருவரும் சேரவில்லை. டாக்டர் ஐஸ் பெட்டி பக்கத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "லேப் எலிங்ககிட்டகூட நான் இவ்வளவு கெஞ்சினதில்ல, விமலா." எனக்குப் பாவமாக இருந்தது. எங்கள் ஆட்கள் மீது கோபம் கோபமாக வந்தது. கோபத்தில்தான் எனக்குப் புத்தி வரும்.

"மணியண்ணே, இங்க யாரு கல்லு மாதிரி இருக்கா?"

"குணாளனுக்கு என்ன கேடு? அம்பது தாண்டியும் ரெண்டு பொட்டலம் நாசி லெமாக் சோறு முடிச்சிட்டு பந்து வெளையாடுறான்!"

குணாளன் பாய்ந்து வந்தான். "நானா? பஞ்சாலை அக்காவப் பாருங்க. பாசாருக்குக் காய் வாங்க நடந்தே போயிட்டு வராங்க!"

அடுத்தவன் ஆரோக்கியம் எல்லோருக்கும் அத்துப்படி. டாக்டர் உடனே மேலிடத்துக்குப் போன் போட்டு அனுமதி வாங்கினார். முதல் வரியை அடுத்த வீட்டுக்காரர் சாட்சியாக எழுதித் தரலாம். இரத்தம் கொடுப்பவர் சம்மதக் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். அவ்வளவுதான். ஒருவரை ஒருவர் மாட்டிவிட வரிசை கட்டி நின்றார்கள். "எடுத்துப் பாருங்க ரத்தத்த, எத்தன நோய் இருக்குன்னு தெரியும்!" என்று சட்டைக் கையைச் சுருட்டினார்கள். நாலரை மணிக்குப் பத்தொன்பது பேர்.

அப்புறம் ஒருவரும் வரவில்லை. ஐந்துக்குப் பத்து நிமிஷம். பஞ்சாலை அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவளுக்கு என்ன? பாற மாதிரி இருக்கா."

"யாரு சொன்னா? எனக்கு முதுகு வலி!"

வாய் தானாகச் சொல்லிவிட்டது. மண்டபமே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. "உண்மையாவே வலியா, விமலா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"இல்ல டாக்டர். நான் நல்லாத்தான் இருக்கேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. பஞ்சாலை அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினேன். இருபதாவது குழாயை மூடியபோது டாக்டரின் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

மறுநாள் காலையில் எனக்கு அடுக்குத் தும்மல். கண் பட்டுவிட்டதென்று தெருவே வந்து சுற்றிப் போட்டது. திங்கட்கிழமை டாக்டர் போனில், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். மூக்கைப் பொத்திக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்கேன்," என்றேன்.